சின்னவன் கை காதை எட்டிய வருஷம்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்து ஆளாக்கியது மூன்று. மூத்தது பெண், அடுத்தது ஆண், கடைசியும் ஆண். அந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்து, ஏழாம் மாதம் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லாமல் சின்னவனின் தலைமுடியைப் பற்றிச் சொல்ல முடியாது, அதனால் சொன்னேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டும், இப்போது எனக்கு என்ன அவசரம். எழுத்துப் பிழையை மூத்தவள் வயிற்றுப் பேத்தி திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எங்கள் ஊர் மானாம்பதிக்குப் பக்கத்தில். ஏரியில் தண்ணீர் இருந்தால் வருஷத்துக்கு இரண்டு நடவு, சில வருஷம் மூன்று. எங்களுக்கென்று இருந்தது மழையை நம்பிய மேட்டு நிலம் கொஞ்சம்தான். பிழைப்பெல்லாம் அடுத்தவர் கழனியில். வீட்டுக்காரர் ஏர் ஓட்டுவார், நான் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போவேன். நடவில் என் பக்கத்தில் நின்று எனக்கு ஈடு கொடுத்தவள் ஊரில் ஒருத்தி கூட இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

என் மாமியார் இருந்தவரை பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பால் கொடுத்துவிட்டுக் கழனிக்கு இறங்கினால், உச்சிப்பொழுதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கே வந்துவிடுவார். வரப்பில் உட்கார்ந்து சேற்றுக் காலோடு பால் கொடுப்பேன். அந்த அம்மா என்னை வாயால் புகழ்ந்ததே இல்லை, கையால் ஒரு நாளும் கைவிட்டதும் இல்லை. சின்னவனுக்கு மூன்று வயது முடிவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எனக்குக் களையெடுப்பு. மூத்தவள் பள்ளிக்கூடத்துப் பையோடு வாசலில் நின்றாள். அப்போது நாலாம் வகுப்பு. "இன்னிக்கி ஒரு நாளு தம்பியப் பாத்துக்கோ" என்றேன். பையை ஆணியில் மாட்டினாள். அந்த ஒரு நாள் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

நடுவில் உள்ளவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தான். அவன் ஆண் பிள்ளை, போகட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அப்படித்தான் நடந்தது. நானும் கேட்கவில்லை.

சின்னவனைக் கழனிக்குக் கூட்டிப் போயும் பார்த்தேன். வரப்பில் புடவையை விரித்து உட்கார வைத்துவிட்டு நாலு முடி நாற்று நட்டுத் திரும்பினால், ஆளைக் காணோம். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே இருந்த தவளையோடு பேசிக்கொண்டிருந்தான். அன்றோடு கழனிக்குக் கூட்டிப் போவதை விட்டுவிட்டேன். மூத்தவளும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தாள். அவன் வகுப்பு நடுவில் மூத்திரம் பெய்துவிட்டு, அதைச் சார் மிதித்தபோது கை தட்டிச் சிரித்தானாம். இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பால்வாடி எல்லாம் எங்கள் ஊருக்கு அப்போது வரவில்லை.

பெண் ஒரு வார்த்தை முனகவில்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. அழுகிற பிள்ளைக்குத்தானே பால் என்பார்கள். அழாத பிள்ளையைத் தாய்கூட மறந்துவிடுவாள்.

கோடைப் போகமான சொர்ணவாரிக்கு நடவு நடந்துகொண்டிருந்தது. சித்திரை கழிந்து வைகாசி வெயில். ஒரு நாள் கூழ் குடிக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் ஆட்டுக் கொட்டகையில் மூத்தவளின் குரல். என்னமோ ஏதோ என்று ஓரமாக நின்று கேட்டேன். தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வரிசையாகக் கூப்பிடுகிறாள், ஆட்டுக்கு ஒரு பெயர். அந்த ஆட்டுக்கெல்லாம் சேர்த்துச் சின்னவன் எழுந்து எழுந்து நின்று "உள்ளேன் அய்யா, உள்ளேன் அய்யா" என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் தன் பெயரையே கூப்பிட்டாள். அதற்கும் இவன் எழுந்து நின்றான்.

"நீ குந்துடா. அவ வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

நான் கூழ் குடிக்காமலே கழனிக்குத் திரும்பிப் போனேன்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்துப் பெரிய சார் வீடு வீடாக வந்தார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால், வயது வந்த பிள்ளைகள் எங்கே எங்கே என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். குடையும் ஒரு நீள நோட்டும் கையில் இருக்கும்.

"உங்க பொண்ணு பேரு இன்னும் ரெஜிஸ்டர்ல இருக்கும்மா" என்றார். "ஒன்றரை வருஷமா வராத பேரை வெச்சுக்கிட்டு நான் மேல பதில் சொல்ல முடியாது. பள்ளி திறக்கிற திங்கட்கிழமை வந்தா நாலாவதுல உக்கார வைக்கிறேன். வரலைன்னா பேரை எடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"அப்ப இவன இன்னா பண்றது சார்?" என்று இடுப்பில் இருந்தவனைக் காட்டினேன்.

"இவனையும் சேர்த்துடுங்க. மத்தியானம் கோதுமைச் சோறு உண்டு. அஞ்சு வயசு ஆச்சா?"

"ஐப்பசில பொறந்தான் சார். ஏரி ரொம்பி கலங்க போன வருசம்."

"எனக்கு ஐப்பசியும் வேணாம், ஏரியும் வேணாம். காதைத் தொடச் சொல்லுங்க."

அந்தக் காலத்தில் பிறந்த தேதி எழுதி வைத்த வீடு எது? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு போய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம். ஊர் முழுக்க இதுதான் கணக்கு.

சின்னவன் கையைத் தூக்கினான். தூக்கிய கை அவன் கொண்டையில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கொண்டை என்று சொன்னேன் அல்லவா. நடுவில் ஒரு பெண்ணைப் பறிகொடுத்தேன் என்று எழுதினேனே, அதற்குப் பிறகு இவன் பிறந்ததும் ஏரிக்கரைக் கன்னியம்மாவுக்கு வேண்டிக்கொண்டேன். இந்தப் பிள்ளையைத் தங்க விடு தாயே, முதல் முடியை உன் வாசலில்தான் எடுப்பேன், அதுவரை கத்தரி படாது என்று. பிறந்த முடி அப்படியே வளர்ந்து கிடந்தது. அந்த முடி இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் காணும். எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பேன் பார்த்து உச்சியில் கொண்டை போட்டு விடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். வெளியூர்க்காரர்கள் "பொண்ணு லட்சணமா கீது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவன் உடனே நிக்கரை அவிழ்த்துக் காட்டுவான்.

சார் கொண்டையைக் கையால் அழுத்திப் பார்த்தார். விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இருந்தது.

"இந்த முடி இல்லைன்னா எட்டும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் நடவில் குனிந்த தலை நிமிராமல் இதையே சொல்லிப் புலம்பினேன். நடவுப் பெண்களிடம் சொன்னால் வைத்தியத்துக்கா பஞ்சம்?

"வெளக்கெண்ண தடவி நீவி வுடு. எட்டு நாள்ல எட்டும்" என்றாள் ஒரு பெரியவள்.

"நொணா மரத்துல தொங்க வுடுக்கா. கையி தானா நீளும்."

"கையி எதுக்கு நீளணும்? காதப் புடிச்சு மேல இழு. அதுவும் பாதி வழி வரட்டும்" என்றாள் எல்லாரிலும் வாய்த்துடுக்கான ஒருத்தி. கழனியே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் எண்ணெய் போட்டு நீவினேன். இப்போது சொன்னால் பைத்தியக்காரி என்பீர்கள். காலையும் மாலையும் அந்தப் பிள்ளையின் கையை விளக்கெண்ணெய் போட்டு உருவு உருவென்று உருவினேன். அவன் ஊரைக் கூட்டினான். மூத்தவள் ஒரு ஈர்க்குச்சியைக் கிள்ளி முதல் நாள் அளவு வைத்திருந்தாள். எட்டாம் நாள் அதை வைத்துப் பார்த்தாள்.

"மா, ஈர்க்குச்சி அப்படியே கீது. கையி வளரல, எண்ணதான் கொறஞ்சுது."

வேறு வழியில்லை. முடியை எடுத்துவிடலாம், கன்னியம்மா என்னை மன்னிப்பாள் என்று ஊரில் முடி வெட்டுகிறவரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும், "மாமன் எங்க?" என்றார்.

"மாமன் வரல."

"அப்ப நானும் வரல. வேண்டுதல் முடிமா இது. மாமன் மடி இல்லாம நான் கத்தி வெச்சேன்னு வெய்யி. நாளிக்கு புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நீ என் கத்தியத்தான நெனப்ப?"

நினைத்திருப்பேன். ஒன்றைப் பறிகொடுத்தவள் வேறு எப்படி நினைப்பேன்? அவர் அன்று மறுத்ததற்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி எடுக்க வேண்டும், காது குத்த வேண்டும். எங்களில் அதுதான் முறை. மாமன் இல்லாமலா போனான்? என் கூடப்பிறந்த அண்ணன் மாகறலில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஆனால் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

நடந்தது இதுதான். என் நாத்தனார் கல்யாணத்தில் அண்ணன் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் வந்து நின்றார்கள். இடம் இல்லை. சம்பந்தி முறைக்காரர் யாரோ அண்ணனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டார். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, கல்யாண வேலைப் பேஜாரில் இருந்தவர், "இன்னா, சோத்துக்கா வந்தான்?" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்ன வார்த்தை அண்ணனுக்கு முன்னால் மாகறல் போய்ச் சேர்ந்துவிட்டது.

வெற்றிலைப் பாக்கு வைத்து என் வீட்டுக்காரரே வந்து அழைத்தால்தான் வருவேன் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீ ஒரு நட போயி கூப்டு."

"யாரு, நானா? அவன் எயுந்து போனதுக்கு நான் போயி வெத்தல வெக்கணுமா?"

"நீ சொன்ன வார்த்தைக்கு வெய்யி."

"ஒரு வாய் வார்த்த. அதப் போயி ரெண்டு வருசமா மென்னுகினு கீறான். அடுத்த வருசம் சேத்தா ஆவாதா இவன?"

"இவனுக்கு ஆவும். பொண்ணுக்கு ஆவாது" என்றேன்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். கழுத்து கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நடவை விட்டுவிட்டேன். ஒரு தட்டில் வெற்றிலைப் பாக்கும் மஞ்சளும் நாலு பழமும் வைத்துத் துணியில் கட்டிக்கொண்டு, சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மூத்தவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மானாம்பதியில் பஸ் ஏறி உத்திரமேரூர். அங்கே இறங்கிக் காஞ்சிபுரம் போகிற பஸ். மாகறலில் இறங்கும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. செய்யாற்று மணல் பக்கம் இருந்து அனல் அடித்தது.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அண்ணிதான் ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு மோர் கொடுத்தாள்.

தட்டை அவர் முன்னால் வைத்தேன். "ஞாயித்துக்கெழம புள்ளைக்கு முடி எடுக்கறோம்ணா. காதும் குத்தறோம். நீ வந்து மடியில வெச்சுக்கணும்."

"உன் புருசனுக்குக் கால் வலியா?"

"அவுரு வரமாட்டாரு. நான் வந்துகீறேன்."

"சோத்துக்கு வந்தவன் மடியில எதுக்கு புள்ளய குந்த வெக்கறீங்க? ஒங்க ஊர்ல மடி இல்லியா? பந்தியில எடம் இல்ல, சரி. மடியும் இல்லியா?"

அண்ணி அவரைத் திட்டினாள். "தங்கச்சி வெயில்ல வந்து நிக்குது. வாய அளந்து பேசு." அவர் கயிற்றை இன்னும் வேகமாக முறுக்கினார்.

பெண்ணின் படிப்புக்காக வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று பயம். அண்ணன் முன்னால் கூட அழுவதற்கு எனக்குப் பிடிக்காது.

அப்போது மூத்தவள் முன்னால் வந்தாள். அவளுக்குப் பத்து வயது முடிந்து பதினொன்று. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்:

"மாமா, நீ சோத்துக்கு வராத. ஒனக்கு சோறு போட மாட்டோம். மடிய மட்டும் எடுத்துகினு வா. தம்பிக்கு முடி எடுத்தாதான் கையி காது தொடும். தொட்டாதான் அவன இஸ்கூல்ல சேப்பாங்க. அவன சேத்தாதான் என்ன வுடுவாங்க. திங்கக்கெழம என் பேர எடுத்துடுவாங்களாம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒன்றரை வருஷமாக அவள் என்னிடம் கேட்காததை மாமனிடம் கேட்டாள்.

அண்ணனின் கை நின்றுவிட்டது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணிதான், "பாத்தியா, ஒன் நாக்கு அப்படியே வந்துகீது இவளுக்கு" என்றாள்.

"சோறு போட மாட்டீங்கல்ல? நிச்சயமா?" என்று கேட்டார் அண்ணன்.

"நிச்சயமா" என்றாள் இவள்.

"அப்ப வரேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நேராக ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்கள். மாமன் சீராகச் சின்னவனுக்குப் புதுச் சட்டை, ஒரு மாலை, அரிசி அளவு தங்கக் கம்மல். அண்ணி கையில் ஒரு தூக்குச்சட்டி. அது என்ன என்று கேட்டேன். "ஒன் அண்ணனுக்குச் சாப்பாடு. வூட்லேர்ந்தே கட்டிகினு வந்துட்டாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் தூரத்தில் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சின்னவனை மடியில் வைத்தேன். கத்தி பட்டதும் அவன் போட்ட கூச்சலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. அண்ணன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுடுச்சுடா ராஜா, முடிஞ்சுடுச்சு" என்று முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். முடி கற்றை கற்றையாக அவர் வேட்டியில் விழுந்தது. நான் அதை முந்தானையில் வாங்கிக் கன்னியம்மா முன்னால் வைத்தேன். தாயே, காத்துக் கொடுத்தாய், எடுத்துக்கொள் என்றேன். அந்த நிமிஷம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சந்தனம் பூசிய மொட்டையோடு அவனைப் பார்த்தபோது, அட, இவன் ஆண் பிள்ளை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

பிறகு ஆசாரி காது குத்தினார். மறுபடி கூச்சல்.

பொங்கல் படைத்து இலை போட்டோம். அண்ணன் எழுந்து போய்ப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். சொந்தக்காரர்கள் இருபது பேர் இலை முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொங்கல் கரண்டி கையில் கனத்தது. வீட்டுக்காரர் துண்டை முறுக்கினார், பிரித்தார், முறுக்கினார். அப்புறம் விடுவிடுவென்று நடந்து போய் அண்ணன் எதிரில் குந்தினார்.

"இன்னா மச்சான், புளிச்சோறா?"

அண்ணன் தூக்குச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு உருண்ட குடு."

அண்ணன் நிமிர்ந்து பார்த்து, நிதானமாகக் கேட்டார். "இன்னா மாப்ள, சோத்துக்கா வந்த?"

அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

"ஆமா. சோத்துக்குத்தான் வந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் ஒரு உருண்டை பிடித்து அவர் கையில் வைத்தார். அவர் தின்றார். "உப்பு பத்தல" என்றார். அண்ணன், "ஒன் வூட்டுப் பொங்கல்ல இருந்தா எடுத்துகினு வரச் சொல்லு" என்றார். நான் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டுக்காரரிடம் எனக்கு எத்தனையோ குறை உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் நடந்த அந்த இருபது அடிக்காக எல்லாவற்றையும் கழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, சின்னவனுக்குப் புதுச் சட்டை போட்டு, நானே பள்ளிக்கூடம் கூட்டிப் போனேன். நடுவில் உள்ளவன் முன்னாலேயே ஓடிவிட்டான். பெரிய சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் பத்துப் பிள்ளைகள் கையைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு நின்றன.

எங்கள் முறை வந்தது. "காதைத் தொடுடா" என்றார் சார்.

சின்னவன் கையைத் தூக்கினான். கை மொட்டைத் தலை மேலே சிரமமில்லாமல் போயிற்று. காதுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. தொடமாட்டேன் என்கிறான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் குத்திய காது! பழுத்த மிளகாய் மாதிரி வீங்கியிருந்தது. முடியைப் பற்றியே நினைத்து நினைத்து, காதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. முடி எடுக்கிற அன்றே காது குத்துவது முறை. முறை என்றதும் என் புத்தி அதற்கு மேல் ஓடவில்லை.

"எட்டலையேம்மா" என்றார் சார்.

"எட்டுது சார். நோவுது, அதான் தொட மாட்டேங்கறான். டேய் கண்ணு, ஒரே ஒரு தடவ தொடுடா."

"மாட்டேன்."

"முட்டாய் வாங்கித் தரேன்டா."

"மாட்டேன்."

சார் பேனாவை மூடினார். "நான் கண்ணால பாக்கணும்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

மூத்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாமனிடம் அவ்வளவு பேசியவள் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

பெற்றவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். நான் குனிந்து, அவன் முழங்கையைப் பிடித்து, ஒரு அழுத்து அழுத்தினேன். விரல் போய்க் காதில் இடித்தது. அவன் போட்ட அலறலில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

சார் சிரித்துவிட்டார். "இந்தச் சத்தம் வந்தா பட்டுடுச்சுன்னுதான் அர்த்தம்" என்று பேனாவைத் திறந்தார். அவன் பெயரை எழுதினார். பிறந்த தேதி என்று அவரே ஒன்றைப் போட்டுக்கொண்டார். பிறகு பழைய பக்கத்தைப் புரட்டி, மூத்தவளின் பெயர் மேல் விரலை வைத்து, "நாலாவதுல போய் உக்காரும்மா" என்றார்.

அவள் ஓடவில்லை. நடந்துதான் போனாள். ஆனால் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் இடுப்பில் சுமை இல்லாமல் கழனிக்குப் போனேன். பன்னிரண்டு வருஷமாக ஏதாவது ஒரு பிள்ளை வயிற்றிலோ இடுப்பிலோ மடியிலோ இருந்த உடம்பு இது. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு நான் நட்ட வரிசை கோணலாகப் போயிற்று. பக்கத்தில் நின்றவள், "இன்னாக்கா, ஒனக்கே கோணுது?" என்றாள். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொன்னேன்.

எல்லாம் அத்தோடு நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுதினால் பொய். அன்று சாயங்காலம் மூத்தவள் அழுதுகொண்டு வந்தாள். நாலாம் வகுப்பில் எல்லாரையும் விட அவள்தான் உயரம். "பெரியம்மா" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்களாம். கூடப் படித்ததெல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விட்டது. நாளைக்குப் போகமாட்டேன் என்றாள்.

"முத்துன நாத்தும் நட்டா கெளம்பும்டி" என்றேன்.

"நான் நாத்து இல்ல" என்றாள் வெடுக்கென்று.

மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து, தம்பி முகத்தைக் கழுவி, இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவனுக்குக் கோதுமைச் சோறு பிடித்துப் போயிற்று. அதற்காகவே ஒரு நாள் தப்பாமல் போனான்.

அவள் எட்டாவது முடித்து, உத்திரமேரூருக்கு பஸ்ஸில் போய்ப் பத்தாவது வரை படித்தாள். முதல் தடவை கணக்கில் போய்விட்டது. மறுபடி எழுதித் தேறினாள். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை, கல்யாணம் செய்து கொடுத்தோம். அவள் பெரிய உத்தியோகத்துக்குப் போனாள் என்று சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அவள் பிள்ளைகள் ஒரு நாள்கூடத் தம்பி தங்கைக்காகப் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேன். இரண்டு பிரசவத்துக்கும் போய் வருஷக் கணக்கில் அவள் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டேன்.

அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதே இல்லை. நானும் பேசினதில்லை. அண்ணனுக்கு நன்றி சொன்னேன், சாருக்குச் சொன்னேன், கன்னியம்மாவுக்குப் பொங்கல் வைத்தேன். தம்பியை இடுப்பில் வைத்தே இடுப்பு சாய்ந்துபோன அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற பெண்ணுக்கு நன்றி சொல்வதா என்று இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பது அதைவிடக் கூச்சம். நான் வளர்த்தது மூன்று என்று மேலே எழுதியிருக்கிறேன். நியாயமாகப் பார்த்தால் இரண்டரைதான். சின்னவனில் பாதியை வளர்த்தது அவள்.

என் வாய்க்கு வராதது கைக்கு வந்திருக்கிறது. இருபது நாள் ஆயிற்று எழுதி முடிக்க.

இந்தா கண்ணு, ஆயா எழுதினதை முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. தப்பு இருந்தாலும் நிறுத்தாமல் படி. உன் அம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிட வேண்டாம். அவளுக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகப் படி.